படியேறும் எண்

அந்தக் கட்டடத்தில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் படி தெரியும். விளக்கோ மூன்று மாதமாக எரியவில்லை. ஈரச் சுவரின் வாடையும் கீழ்வீட்டுத் தையல் மிஷினின் எண்ணெய் வாடையும் கலந்தடிக்கும் அந்த இருட்டுப் படிகளில், கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு மாடிவீட்டின் மூத்த மகள், பெரியவள், ஏறி வந்தாள். பெட்டிக்குள் ஒரு ஸ்மார்ட்வாட்ச். கடையில் இருந்ததிலேயே மலிவானது.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். "படபடப்பு கூடாது. துடிப்பு நூத்தி இருபதைத் தாண்டினா யோசிக்காம தூக்கிட்டு வாங்க. தாமதம் பண்ணினா தாங்காது," என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் முழுக்க அலுவலகத்தில் கிடப்பவள் எதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது? அதற்குத்தான் வாட்ச். அம்மாவின் மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் மினுங்கிக்கொண்டே இருக்கும். துடிப்பின் எண் அம்மாவின் ஃபோன் வழியாக விடாமல் இவள் ஃபோனுக்கு வரும்.

"விலங்கு மாட்டின மாதிரி இருக்கு," என்றாள் அம்மா, கையைத் திருப்பிப் பார்த்து.

"இருக்கட்டும். குளிக்கும்போது மட்டும் கழட்டு."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவும் பெரியவளும் பேசிக்கொண்டால் அவ்வளவுதான் வரும். அந்த வீட்டின் பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் சின்னவள் வாரிக்கொண்டு போய்விட்டாள். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். நான்கே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

பெரியவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அடுப்பு எரிவதும் மருந்து வருவதும் அவள் உழைப்பில். ஆனால் அம்மா என்னவோ வாலுவுக்குத்தான் அம்மா. கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் பெரியவள் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் சுருண்டு குசுகுசுவென்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் பையோடு உள்ளே வந்ததும் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, விருந்தாளியைக் கேட்பதுபோல் "பஸ்ல கூட்டமா?" என்று கேட்பார்கள். செத்துப்போனவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? பெரியவள் பட்டாள். வயிறு எரியப் பட்டாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் பொய் மருத்துவச் சான்றுகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. தேதி, நேரம், எண் என்று வரிசையாக எழுதிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவாள். எது மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான். பத்து நாள் கழித்து அம்மாவின் எண்களையும் அப்படியே எழுதிப் பார்த்தாள்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை 66, 68. பகல் மூன்று மணிக்கு 62.

மாலை ஆறு பத்துக்கு மேல் 104.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து படுக்கும்வரை நூறுக்குக் குறையவே இல்லை.

ஆறு பத்து அவள் வீட்டுக்குள் நுழையும் நேரம். ஞாயிறு அவள் வீட்டில் இருக்கும் நாள்.

அன்று மாலை கீழ்ப்படியில் நின்று ஃபோனைப் பார்த்தாள். 67.

நான்கு படி ஏறினாள். 75.

இன்னும் நான்கு. 88.

நின்றாள். எண்ணும் நின்றது. இரண்டு படி இறங்கினாள். 83.

"என்ன ஆபீசரம்மா, படியைக் கணக்கெடுக்கச் சொல்லிட்டாங்களா?" கீழ்வீட்டுத் தையல்கார அக்கா வாசலுக்கு வந்து நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்.

பெரியவள் ஃபோனைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"அட நீ வேற. என் தம்பி இதே மாதிரி ஒண்ணை வாங்கி, சுருட்டின துண்டுல கட்டிப் பாத்தான். துண்டுக்கு எழுபத்திரண்டு காட்டிச்சு. துண்டுக்கு என்னடி படபடப்பு?"

"மூணு மணிக்கு மேல யாராவது வர்றாங்களாக்கா?"

அக்காவின் சிரிப்பு குறைந்தது. "யாரும் வரல. ஆனா பேச்சு கேக்கும். அப்படிக் கொஞ்சிக் கொஞ்சி. கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரரைக்கூட நான் அப்படிக் கொஞ்சினதில்ல." பிறகு குரலை இறக்கினாள். "கண்ணு, கண்ணுன்னு கூப்பிடறாங்க. வாலுவைத்தானே அப்படிக் கூப்பிடுவாங்க?"

ஆமாம். வாலுவை மட்டும்தான்.

மறுநாள் பெரியவள் அரை நாள் லீவு போட்டாள். மூன்று மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் படியேறினாள். மேலே நிஜமாகவே பேச்சுக் குரல் கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத குழைவு அந்தக் குரலில்.

62. 74. 91.

கதவைத் தள்ளினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு காலி நாற்காலி. பேச்சு பாதியில் அறுந்தது.

"ஏன் நிறுத்திட்டே? பேசு. வாலுகிட்டதானே பேசிக்கிட்டிருந்தே?"

அம்மா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள்.

"அவ வந்தா உனக்கு அறுபத்திரண்டு. நான் வந்தா நூறு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா உன்னைத் தூக்கிட்டு அலையறவ நான். செத்தும் அவதானா உனக்கு? நான் என்ன, வேலைக்காரியா?"

109.

"மெதுவாப் பேசுடி," என்று அம்மா கிசுகிசுத்தாள். "கேக்கறா."

"எங்க இருக்கா அவ? எனக்கும் காட்டேன்."

"உன் பின்னால."

பெரியவள் திரும்பவில்லை.

பஞ்சுத்தூசி வாடை அடித்தது. துணிக் கம்பெனியில் நாளெல்லாம் நின்று நூல் வெட்டிவிட்டு வருகிறவர்களின் தலைமுடியில் அடிக்கும் வாடை. வாலு ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த வேலைக்குத்தான் போனாள். ஒரு பெண்ணைத்தான் படிக்கவைக்க முடியும் என்று முடிவு செய்தவள் அம்மா. வாலு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அவ எங்கிட்ட வர்றதே இல்லடி," என்றாள் அம்மா. உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. "காலைல நீ கிளம்பினா உன்கூடவே கிளம்பறா. சாயங்காலம் உன்கூடவே படியேறி வர்றா. நீ பையை மாட்டறதை, நீ தலை வாரறதைப் பாத்துக்கிட்டே நிக்கறா. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல."

கழுத்தின் பின்புறம் யாரோ மூச்சு விட்டதுபோல் முடி அசைந்தது.

"அப்ப மூணு மணிக்கு யாரைக் கொஞ்சறே?"

"உன்னைத்தான்."

அம்மாவின் கண் நிறைந்தது. "அவ இருக்கும்போது உன்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேச முடியுமா? அவ முகம் எப்படி மாறும்னு உனக்குத் தெரியாது. அதான் நீ போனப்புறம், இந்த நாற்காலில நீ உக்காந்திருக்கறதா நெனச்சுக்கிட்டு, கண்ணு சாப்பிட்டியா, கால் வலிக்குதான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான், வாலுவும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது உறைத்தது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

118.

பெரியவள் ஃபோனை இறுகப் பிடித்தாள். இன்னும் இரண்டு.

அறையில் எதுவும் அசையவில்லை. அம்மாவின் கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்தன. பெரியவளின் தோளிலிருந்து கதவுக்கு. கதவிலிருந்து படிக்கு.

110. 92. 77. 66.

"போயிட்டா," என்றாள் அம்மா. பஞ்சு வாடையும் போயிருந்தது.

பெரியவள் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. வெட்கமில்லாமல் அழுதாள். அம்மா தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். மாலை முழுக்க 66.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்கு எந்தக் கோப்பும் ஓடவில்லை. மூன்று மணிக்கு ஃபோனைப் பார்த்தாள். 62. நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அம்மா தன்னைக் கொஞ்சிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் உடம்பு முழுக்கக் கூசியது. இனி ஒளித்துப் பேச வேண்டியதில்லையே. நேராகவே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டாள்.

"என்னடி?" அம்மாவின் குரலில் சிரிப்பு.

"சும்மாதாம்மா. என்ன பண்றே?"

"நல்லா கேட்டே போ. எதிர்ல உக்காந்துக்கிட்டு எதுக்குடி ஃபோன் பண்றே, லூசு?"

பெரியவளின் வாய் திறந்தது. நான் ஆபீஸ்ல இருக்கேன்மா. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொன்ன மறுநொடி அந்த 62 எங்கே போய் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இங்கிருந்து வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம்.

வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா இணைப்பைத் துண்டிக்காமலே ஃபோனை எங்கோ வைத்தாள். பிறகு அந்தக் குழைந்த குரல் வந்தது. "சாப்பிட்டியா கண்ணு? ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே? எவ்வளவு கஷ்டப்படறே எனக்காக. உன்னை மாதிரி ஒருத்தி எனக்குப் பொறந்ததுக்கு நான் என்ன செஞ்சேனோ."

ஒவ்வொரு வார்த்தையும் இவளுக்குச் சேர வேண்டியது. ஒவ்வொன்றாக எடுத்து அங்கே யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. பெரியவள் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டாள்.

"ம்," என்றது மறுமுனையில் ஒரு குரல்.

பெரியவளின் சொந்தக் குரல்.

"கையைக் குடு இப்படி," என்றாள் அம்மா ஆசையாக. வளையல் உரசும் சத்தம் கேட்டது. "ஏண்டி, உன் கை என்ன இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

71.