குரலைத் தவிர மற்றதெல்லாம்

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, தண்ணீர் பாட்டில் சில்லென்று இருந்தது. ஆனால் ராப்பகலாக உறுமி உயிரை வாங்கும் அந்தச் சத்தத்தை மட்டும் காணோம். நாள் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் காது இப்படித்தான் சதி பண்ணும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவள் மேஜைக்குத் திரும்பினாள்.

அவள் ஒலித் தொகுப்பாளர். வேலை போய் மாதங்கள் ஆகின்றன. நேர்காணலுக்குப் போன இடமெல்லாம் ‘வீட்டிலிருந்து செய்து அனுப்புங்கள்’ என்று ஒரு டெஸ்ட். ஒரு கம்பெனிக்கு முழு நாடகத்தையே ஓசியில் செப்பனிட்டுக் கொடுத்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். சாயங்காலமானால் அக்கா மட்டும் ஃபோன் செய்து, “என்னடி ஆச்சு?” என்பாள். நாள் முழுக்க அவள் வாய் திறப்பதே அந்த ஒரு அழைப்புக்குத்தான். ‘கிடைச்சிருச்சு’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கினாள்.

இந்த டெஸ்ட் கொஞ்சம் வினோதம். ஏதோ ஓர் அறையின் பதிவு. ‘குரலைத் தவிர எல்லாவற்றையும் நீக்கவும்’ என்று குறிப்பு. எவ்வளவு கேட்டாலும் அதில் குரலே இல்லை. காலையில் அதிலிருந்த மோட்டார் உறுமலை நீக்கி அனுப்பினாள். ஆள் எடுப்பவர் உடனே அழைத்தார்.

“பிரமாதம் மேடம். இன்னும் கொஞ்சம் இரைச்சல் இருக்கு. அதையும் எடுத்துட்டீங்கன்னா...”

“சார், இதுக்கு ஏதாவது பணம்...”

“டெஸ்ட்தானே மேடம்!” என்று சிரித்தார். “வேலை கிட்டத்தட்ட உங்களுக்குத்தான்.”

அந்தக் ‘கிட்டத்தட்ட’வில் விழுந்துவிட்டாள், பாவம்.

அடுத்து மின்விசிறியின் இரைச்சல். அதில் ஒரு துண்டை எடுத்துக் கணினிக்குப் பழக்கினால், பதிவு முழுவதிலும் அதைத் தேடித் துடைத்துவிடும். துடைத்தது. முதுகு வலிக்க ஹெட்ஃபோனைக் கழற்றி நிமிர்ந்தாள். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காகிதங்கள் படபடத்தன, வியர்த்த கழுத்தில் காற்றுப் பட்டது. விசிறியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டாள். இப்போது சொட்டுச் சத்தம். இரண்டு சொட்டு சேர்ந்தாற்போல், ஒரு இடைவெளி, பிறகு நொண்டிக்கொண்டு ஒன்று. அவள் குளியலறைக் குழாய் அப்படித்தான் சொட்டும். ஹெட்ஃபோனை விலக்கினாள். அதே சொட்டு. அதே கணத்தில்.

மூடிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்து எங்கே போவது? கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீடுகூட அவளுக்குப் பழக்கமில்லை. அதற்குள் ஃபோனில் செய்தி: ‘கடைசித் தடவை மேடம்.’

சொட்டுச் சத்தத்தை நீக்கினாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பதிவில் இனி ஒன்றுதான் மிச்சம். மூச்சு. இடது மூக்கில் லேசான விசிலோடு. அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது. விட்டாள். அதுவும் விட்டது.

எத்தனையோ பேரின் பேச்சுக்கு நடுவே வந்த மூச்சை வெட்டிய கை அது. வேண்டாம் என்று மனம் சொல்வதற்குள் விரல் அழுத்திவிட்டது.

அமைதி.

நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தமில்லை. மேஜையை ஓங்கி அறைந்தாள். கை எரிந்தது. சத்தமில்லை.

ஃபோன் ஒளிர்ந்தது. அக்கா. பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஹலோ? என்னடி ஆச்சு? இருக்கியா?”

கத்தினாள். தொண்டை கிழிய. ஒன்றும் வரவில்லை.

“இருக்கேன் அக்கா.”

ஃபோனுக்குள்ளிருந்து. அவளுடைய குரல். பளிச்சென்று, ஒரு தூசு இரைச்சலும் இல்லாமல்.

“வேலை கிடைச்சிருச்சு.”

அக்கா விசும்பினாள். “நெஜமாவாடி? எத்தனை நாளாச்சு நீ இப்படிச் சந்தோஷமா பேசி! பேசுடி, கேட்டுட்டே இருக்கேன்.”

அந்தக் குரல் பேசியது. சிரித்தது. அவளுடைய சிரிப்பேதான். அவள் இருட்டில் வாயைத் திறந்து திறந்து மூட, மூச்சு வாங்க எங்கும் நிற்காமல் அது பேசிக்கொண்டே போனது.