நாற்பத்தோராம் மருந்து

றொசாந்தியின் தாளில் பன்னிரண்டும் பூச்சியம். குகதாசனின் தாளில் பன்னிரண்டும் நாலு. தட்டு ஒன்றுதான், புழுக்களும் அவையேதான்.

மாட்டின் வயிற்றில் வளரும் இந்த வெள்ளைப் புழு யானைக்கால் புழுவுக்கு இனம். மருந்தில் இட்டபின் இருவர் தனித்தனியே பார்த்துப் புள்ளி போடுவது பரிசோதனைக்கூட வழக்கம். அசையாவிட்டால் பூச்சியம், துடித்தால் நாலு.

"உமக்குக் கண் பிழையோ, றொசாந்தி? எல்லாம் துடிச்சுக்கொண்டெல்லோ கிடக்குது."

"நான் பாக்கேக்கை செத்துக் கிடந்தது, அண்ணை."

"அப்ப வடிவாப் பாரும்," என்றுவிட்டு, சுன்னாகம் பஸ்ஸைப் பிடிக்கக் குகதாசன் போய்விட்டார்.

காலையில் முடிவை அனுப்ப வேண்டும். நாற்பது மருந்துகள் தோற்றாகிவிட்டது. இதுவும் தோற்றால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். இருக்கிற யானைக்கால் மருந்துக் குளிசைகள் குஞ்சுப் புழுக்களைக் கொல்லுமே தவிர, முதிர்ந்தவற்றிடம் பலிக்காது. குருநகரில் அம்மா மரியநாயகி பனங்குற்றி போல வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, மகளின் மருந்துக்காகத்தான் காத்திருக்கிறாள். அந்தப் புழுக்கள் மேல் றொசாந்திக்குப் பயமில்லை, பகை.

மாலை வெயில் யன்னலில் மங்கிக்கொண்டிருக்க, குளிர்ப்பெட்டியின் உறுமலுக்கும் பச்சை இரத்த வாடைக்கும் நடுவில் அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள். அசைவில்லை. எழுதத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால், பிளாஸ்ரிக் மூடியை நகத்தால் சுரண்டுவது போல ஒரு மெல்லிய சத்தம். திரும்பினால் அமைதி. மூன்று தரமும் அப்படியே.

கைபேசியைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துப் படம் பிடிக்கவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். பிறகு போட்டுப் பார்த்தாள். அவள் திரும்பிய கணமே பன்னிரண்டும் எழுந்து நின்றன. மூடியைத் தலையால் முட்டின. அவள் முதுகையே பார்த்தன. அவள் திரும்ப, செத்து விழுந்தன.

உடனே கோபம் வந்தது.

"நடிக்கிறியளோ? நான் ஏமாற மாட்டன்."

பூச்சியங்களை விட்டுவைத்தால் ஆராய்ச்சி பிழைக்கும். ஆனால் அந்த மருந்து அம்மாவுக்கு உதவாது. தாளில் பன்னிரண்டு பூச்சியங்களையும் கோடிட்டு வெட்டி, நாலு என்று எழுதினாள். நாற்பத்தொன்று, தோல்வி. நாற்பத்திரண்டாம் போத்தல் உடைக்காமல் இருக்கிறது. மூடச் சொல்லும்வரை அவள் மூடப்போவதில்லை.

ஏதோ சறுக்கி விழுந்தது. தட்டின் மூடி.

புழுக்கள் கிடந்த பன்னிரண்டு குழிகளும் வெறுமை.

இடது கணுக்காலில் ஈரம். குளிர்.

குனிந்தாள். புழுக்கள் தோலில் ஒட்டியபடி நின்றன. அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையமாட்டா.

"அம்மாவின்ரை காலை எடுத்தது போதும். என்ரையைத் தர மாட்டன்."

கண்ணை எடுக்காமல் கையால் தடவி நாற்பத்திரண்டாம் போத்தலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். கண் எரிந்தது. இமைக்கவில்லை. எண்ணினாள்.

பதினொன்று.

மறுபடியும் எண்ணினாள். பதினொன்று.

கணுக்காலுக்கு மேலே, தோலுக்கு அடியில், நூல் போல ஒரு புடைப்பு, முழங்காலை நோக்கித் தலைவைத்து அசையாமல் கிடந்தது.