குறைந்ததை நிரப்பு

காலை ஒன்பதரைக்கு, ஏஐ எழுதித் தந்த புரோகிராம் கோடின் நடுவில் அந்த வரி இருந்தது.

'விதி 14-இன்படி இங்கே பிழை காட்டப்படவில்லை.'

செவ்வந்தி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் எழுதிக் கொடுத்த விதிகள் பதின்மூன்றுதான்.

சென்னையில் பத்துப் பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி அது. பொன்னேரியில் ரயிலேறித் தினமும் போய் வந்தவள், வயிற்றில் பிள்ளை உண்டான பிறகு இந்த ஆறு மாதமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கடலோடு சேரும் ஏரியின் கரையில் சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு. இப்போது செய்வது சொந்த ஊருக்கான வேலை. ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர் போகிறார்கள் என்று ஏலக்கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஜெயம்மா போனில் தட்டுவாள். திரும்பும்போது மறுபடி தட்டுவாள். ஆள் குறைந்தால் கொட்டகை மேலிருக்கும் பேட்டரி சைரன் அலறும், கரையில் நிற்கிற படகெல்லாம் தேடப் போகும். போன தையில் ஒருவர் கடலில் விழுந்தது மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால்தான் இது. இன்று முதல் வெள்ளோட்டம். பத்துப் படகு.

புரோகிராமை ஏஐ எழுதும். எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் விதிகளாக அவள் எழுதி வைத்திருந்தாள். பெயர்களைச் சுருக்காதே. முப்பது வரிக்கு மேல் நீட்டாதே. எதை ஏன் செய்தாய் என்று மேலே ஒரு வரி தமிழில் எழுது. பிழையை ஒருபோதும் மறைக்காதே. இதுதான் பதின்மூன்றாவது. அதோடு முடித்திருந்தாள்.

ஃபைலைத் திறந்தாள். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது.

'14. ஆள் குறைந்தால் பிழை காட்டாதே. குறைந்ததை நிரப்பு.'

வெளியே வாடைக்காற்று கருவாட்டுப் பாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் யாரோ ஈரத்துணியைச் சுவரில் அடிப்பது போல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, வானம் அடைத்துக்கொண்டு எதிரே பசியாவரம் தீவுகூடத் தெரியாமல் ஏரியும் மேகமும் ஒரே சாம்பலாகக் கிடந்தன.

அவளுக்கு முதலில் தேவேந்திரன் மேல்தான் சந்தேகம் போனது. கம்பெனியில் அவளுக்கு மேலே இருப்பவர். அந்த ஃபைலைத் தொடக்கூடிய இன்னொரு ஆள் அவர்தான். போன வாரம்தான் சொன்னார், வெள்ளோட்டத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள், சைரன் சும்மா சும்மா கத்தினால் கம்பெனி பேர் கெடும் என்று.

ஜன்னலோரம் போனால்தான் சிக்னல் வரும். அங்கே நின்று கூப்பிட்டாள்.

"சார், விதி ஃபைல்ல நீங்க எதாச்சும் சேத்தீங்களா?"

"நான் அதைத் தொடவே இல்லையே."

"பதினாலாவதா ஒண்ணு இருக்கு சார். ஆள் கொறைஞ்சா மறைக்கச் சொல்லுது."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"செவ்வந்தி, இது உங்க பேர்லதான் ஏறியிருக்கு. இன்னைக்கு விடியக்காலை நாலு பத்துக்கு." குரலைத் தணித்துக்கொண்டார். "உடம்பு பரவாயில்லையா? சரியாத் தூங்குறீங்களா?"

அந்த அக்கறை அவளுக்குப் பிடிக்கவில்லை. பழியை இப்படித்தான் மெதுவாகத் திருப்புவார்கள்.

நாலு பத்து. அந்த நேரம் அவள் தூக்கத்தில் இருந்தாள். லேப்டாப் பீரோ மேல் இருந்தது. வீட்டில் விழித்திருந்தவன் அவள் புருஷன் பூவரசன் ஒருவன்தான். நாலரைக்குப் படகு. படம் பார்ப்பதற்காக அவனுக்கு பாஸ்வேர்டு சொல்லியிருந்தாள். நேற்று அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. "அந்தச் சைரனு வோணாம்னு சொல்லு செவ்வந்தி. கடல்ல நிக்கிறவனுக்கு அது கேக்கக் கூடாது." ஏன் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கீபோர்டைத் தடவிப் பார்த்தாள். எண்கள் இருந்த வரிசையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

பத்தாவதோடு படிப்பை விட்டவன், போனில் ஒரு வரி தட்டுவதற்கே அவளைக் கூப்பிடுகிறவன். அவன் இவ்வளவு சுத்தமாக எழுதுவானா? இருந்தாலும் சந்தேகம் வந்த பிறகு போகவில்லை. மணந்து இரண்டு வருஷமான மனிதனின் தலையணையை அவள் எழுந்து போய்த் தூக்கிப் பார்த்தாள். கீழே ஒன்றுமில்லை. தலையணை மட்டும் ஈரமாக இருந்தது.

விதியை அழித்தாள். மறைத்த பிழையைத் திரும்பக் காட்டும்படி ஏஐயிடம் சொன்னாள். உடனே எழுதித் தந்தது. பிழை காட்டும் வரி அதில் இல்லை. மேலே காரணம் இருந்தது.

'குறைவு என்பது பிழை அல்ல. காலியாக இருக்கும் இடம்.'

'யார் சொன்னது?' என்று கேட்டாள்.

'ஃபைலில் உள்ள விதிகளையே பின்பற்றுகிறேன்' என்றது.

ஃபைலைத் திறந்தாள். பதினான்கு அங்கே இருந்தது. அவள் பெயரில். ஒரு நிமிஷத்துக்கு முன்பு.

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. அடுக்களையில் பார்த்தாள். பின்கதவில் தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள், தேவேந்திரனால் அந்த ஃபைலைத் திறக்க முடியாதபடி செய்தாள், மறுபடி அழித்தாள், கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

வந்திருந்தது.

இனி இதை நம்ப முடியாது. ஏஐயை மூடிவிட்டுத் தன் கையாலேயே எழுத உட்கார்ந்தாள். கரையில் ஜெயம்மா முதலில் தட்டும் எண்ணை எடு. பிறகு யார் மாற்றினாலும் கேட்காதே. குறைந்தால் சைரனை அடி. அவ்வளவுதான். எழுதிச் சரிபார்த்து முடிப்பதற்குள் மதியம் இரண்டரை ஆகிவிட்டது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் மழை கல்லாகக் கொட்டியது. லேப்டாப்பில் பத்தொன்பது சதவீதம் சார்ஜ். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, அதன் நெட்டில், ஓடிக்கொண்டிருந்த பழையதற்குப் பதிலாகத் தன்னுடையதை ஏற்றத் தொடங்கினாள்.

பன்னிரண்டு சதவீதம் ஏறியிருந்தது.

பக்கத்தில் படகுகளின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் எண், போனவர் ஐந்து, வந்தவர் ஐந்து. ஒன்பதாம் எண், மூன்று, மூன்று. ஏழாம் எண் வந்தது. பூவரசன் போன படகு.

போனவர் நான்கு. வந்தவர் மூன்று.

அவள் பார்க்கப் பார்க்க அந்த மூன்று ஒரு தடவை மங்கி, நான்கானது.

சைரன் அடிக்கவில்லை.

"அக்கா," என்று போனில் கத்தினாள், "ஏழாம் நம்பர்ல எத்தினி பேர் வந்தாங்க?"

"மூணு பேருடி." ஜெயம்மாவின் குரல் மழையில் உடைந்து உடைந்து வந்தது. "வரதன், பூபதி, நம்ம சின்னதம்பி... இரு இரு. இல்ல. நாலு பேரு. பின்னால ஒருத்தன் குனிஞ்சிக்கினு இருந்தான் போல. இப்பத்தான் எறங்கி நடக்கிறான். உன் ஊட்டுக்காரன்தான். ஊட்டுக்குத்தான் வரான் பாரு."

"அக்கா, மூஞ்சியப் பாத்தியா?"

லைன் போய்விட்டது.

ஐம்பத்தாறு சதவீதம்.

கரையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. தெருவில் யாரும் வரவில்லை. செருப்புச் சத்தமில்லை. முன்கதவு திறந்து மூடியது.

பூவரசன் உள்ளே நின்றிருந்தான்.

அவன் சட்டைதான். அவன் உயரம்தான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, மழையில் வந்தவனுக்கு ஒழுகத்தானே செய்யும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் மழையின் வாசனை இல்லை. மீன் வாசனையும் இல்லை. ஏரி வற்றும்போது அடியிலிருந்து எழுமே, அந்தக் கரும்சேற்று நாற்றம்.

"நாலு பேரும் வந்துட்டோம்," என்றான்.

அவள் கேட்கவே இல்லை.

தினமும் உள்ளே வந்ததும் அவள் வீங்கிய காலைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கி வடிஞ்சிருக்கா?" என்பான். இன்று பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சோறு போடு."

போட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தான். வாயில் வைத்தான். மெல்லவில்லை. வைத்துக்கொண்டே இருந்தான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் சிமெண்ட் தரையில் பரவி அவள் கால் விரலைத் தொட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

எண்பத்தெட்டு.

"காலையில," அவள் குரலை நிதானமாக்கப் பார்த்தாள், "லேப்டாப்ப எடுத்தியா?"

அவன் பிசைவதை நிறுத்தினான்.

"அத நிறுத்து செவ்வந்தி."

"எத?"

"மேல ஏறுதே. அத."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவன் உட்கார்ந்திருந்தான். திரும்பவே இல்லை. நிறுத்தலாம். ஒரு பட்டன். நிறுத்தினால் இவன் இவனாகவே இருந்துவிடுவானோ என்று ஒரு கணம் ஆசைகூட வந்தது. பிள்ளைக்கு அப்பன். பக்கத்தில் படுக்க ஒரு உடம்பு. விரல் பட்டன் வரை போனது.

தொடவில்லை.

நூறு.

சைரன் அலறியது. மழையைக் கிழித்துக்கொண்டு, விடாமல். ஆட்கள் ஓடினார்கள். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமின. அவன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. லேப்டாப் அணைந்தது. மழை குறைந்தது.

பிறகு ஏரியில் திரும்பி வந்த படகிலிருந்து சின்னதம்பியின் குரல் கேட்டது. அழுகை.

"பூவரசா! டேய், கண்ணத் தொறடா பூவரசா!"

போன் அடித்தது. ஜெயம்மா.

"செவ்வந்தி... முகத்துவாரத்தாண்ட... வலையில சிக்கிக்கினு... கெடச்சிட்டாண்டி. ஊட்டுக்குத் தூக்கினு வராங்க. நீ வெளிய வராத. வயித்துப் பிள்ளையோட நீ பாக்காத."

பேச்சு சத்தமாகவே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் எழுந்தான். நடந்தான். முன்கதவின் தாழ்ப்பாளைப் போட்டான்.

தெருவில் காலடிகள். நிறையப் பேர். கனமான எதையோ சுமந்து வருபவர்களின் நடை. பெண்களின் அழுகை. வாசலில் வந்து நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"செவ்வந்தி! தொறம்மா!"

கதவில் முதுகைச் சாய்த்து நின்று, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்து, பூவரசன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.