களிமண்ணை மிதிப்பவர்கள்

வேக்லி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். அணையின் பாதுகாப்பைச் சோதிக்கத் தண்ணீர் கம்பெனி கார்டிஃப் நகரிலிருந்து அனுப்பிய என்ஜினீயர். காரை விட்டு இறங்கியதும் கழிப்பறை எங்கே என்றார். அடுத்து, காபி கிடைக்குமா என்றார். அணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் மெரெரித். இருபத்திரண்டு வருடமாக இந்த அணைக்குக் காவல். நீர்மட்டத்தை இரண்டு மீட்டர் உயர்த்தி, டவுனுக்குக் கூடுதல் தண்ணீர் கொடுக்கலாமா என்று வேக்லி சொல்ல வேண்டும். அணைக்கு நேர் கீழே முதல் வீடு என் மகள் நெஸ்டாவுடையது. அவளுக்குக் கைக்குழந்தை வேறு.

அந்த மகானுபாவர் கரைமேல் இப்படியும் அப்படியும் நடந்தார். நாலு போட்டோ எடுத்தார். எல்லாம் பிரமாதம் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் அவசரம் முகத்திலேயே தெரிந்தது.

அணைக்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் வந்து கசிவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மண் அணை எப்போதும் கொஞ்சம் கசியும். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். செப்டம்பரில் சோதனைக்காக நீர்மட்டத்தை அரை மீட்டர் உயர்த்திய நாளிலிருந்து கலங்கித்தான் வருகிறது. மூன்று கடிதம் எழுதினேன். மழையால் இருக்கும் என்று பதில் போட்டது இதே மனிதர்தான்.

இரும்புக் கதவைத் திறந்ததும், வழக்கம்போல உள்ளே பார்த்துக் காலை வணக்கம் சொன்னேன். இங்கே காவலுக்கு வரும் எல்லோரும் சொல்வோம். அணையின் நடுவே ஒரு களிமண் சுவர் இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆட்கள் வரிசையாக நின்று, பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய சுவர். பள்ளம் சரிந்து பதினோரு பேர் புதைந்தபோது, தோண்டினால் வேலை கெடும் என்று மற்றவர்களை அவர்கள் மேலேயே மிதிக்கச் சொன்னார்களாம். வணக்கம் அவர்களுக்குத்தான் என்றேன். வேக்லி சிரித்தார்.

உள்ளே ஈரக் களிமண் வாசனை. என் டார்ச், அவர் செல்போன் வெளிச்சம், அவ்வளவுதான்.

தொப். தொப். தொப்.

"மோட்டார் ஓடுதா?" என்றார்.

"இங்க மோட்டாரே கிடையாது சார்."

சிரிப்பு கொஞ்சம் கழன்றது. கசிவு விழும் தொட்டியருகே குனிந்தார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கையில் எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இதுவரை வெறும் முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன், சே!

"இதை எழுதினா திட்டமே நின்னுடும்," என்று முணுமுணுத்தார்.

"கீழ என் பொண்ணு இருக்கா சார். கைக்குழந்தையோட."

"வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க."

சுவருக்குள் கேட்ட அந்த மிதிச் சத்தம் நின்றது.

இருபத்திரண்டு வருடத்தில் அது நின்றதில்லை.

டார்ச் அணைந்தது. செல்போனும்.

யாரோ என் தோளை உரசிக்கொண்டு போனார்கள்.

ஒருவர் அல்ல.

நான் ஓடினேன். அவரைக் கூப்பிடக்கூட இல்லை. கதவுக்கு வெளியே நின்று போலீஸுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளிருந்து ஒரு கத்தல் இல்லை, கூப்பாடு இல்லை.

அரை மணி கழித்துப் போலீஸ் வந்தது. தரையில் செல்போன் மட்டும் கிடந்தது, விளக்கு எரிந்தபடி. சுரங்கத்துக்கு ஒரே வாசல்தான். அதில் நான் நின்றிருந்தேன். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று நாள் தேடிவிட்டுப் போனார்கள். நீர்மட்டத்தைப் பழைய அளவுக்கே இறக்கச் சொல்லிக் கம்பெனி கடிதம் போட்டது. அதற்கு ஒரு ஆள் தொலைய வேண்டியிருந்தது!

இப்போது கசிவு கண்ணாடிபோல வருகிறது. நெஸ்டா அதே வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தைக்கு முதல் பல் முளைத்திருக்கிறது.

மிதியும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதில் ஒரு ஜோடிக் கால் மட்டும் சேரவில்லை. பிந்துகிறது, தடுமாறுகிறது, சும்மா பட்டும் படாமலும் வைத்து எடுக்கிறது. அங்கே போயும் வேலையை ஏமாற்றப் பார்க்கிறார்.

நேற்றுக் காலை வணக்கம் சொல்லிவிட்டுச் சுவரில் காது வைத்தேன். அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. நேற்று ஒரு கிழட்டுக் குரல், களைத்துப்போய், மகா எரிச்சலாக, சுவருக்குள்ளிருந்து கேட்டது.

"அழுத்தி மிதிடா."