பதினோரு மூடி

முகமூடியின் முன்பக்கத்தில் சாயிரா பானுவுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. மஞ்சணத்திக் கட்டையில் செதுக்கிய அகன்ற முகம், சாத்திய கண்கள், இறுக மூடிய வாய். திருப்பிப் பார்த்தபோதுதான் விரல் நின்றது. உட்பக்கத்தில் நெற்றியும் மூக்கும் கன்னமும் படுகிற இடங்கள் மட்டும் எண்ணெய் ஏறி, வருஷக்கணக்காக யாரோ போட்டுக்கொண்டது போல வழவழவென்று தேய்ந்திருந்தன. ஆனால் கயிறு கட்டத் துளை இல்லை. பார்ப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் இல்லை. ஓரத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும்.

கப்பலூரில் கைவினைப் பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அவளுக்குப் பேப்பர் வேலை. எந்த மரம், எந்த ஊர், யார் செதுக்கியது என்று அவள் எழுதித் தர வேண்டும். பதினோரு முகமூடிகளில் பத்து, போன வாரமே தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டன. சாம்பிளுக்கு வைத்த ஒன்று மூன்று நாளாக அவள் மேசையில் கிடந்தது. துணியைப் போட்டு மூடுவாள். கொஞ்ச நேரத்தில் விலக்கிப் பார்ப்பாள். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி திறப்பாள். ஏசி அறையிலும், காய்ச்சலில் கிடந்தவரின் தலையணை மாதிரி ஒரு வாடை அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

வேன் ஓட்டும் மருதுவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அழகர்கோவில் ரோட்டுலருந்து உள்ள போகணும்க்கா. கருத்தக்கண்ணன்னு ஒருத்தரு வித்தாப்ல. தங்கச்சி வீட்டுச் சொவத்துல அடிச்சிருந்துச்சு."

"இன்னைக்கே போயிட்டு வந்துருவோம்ணே."

மருது சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். "வீட்டக் காட்டுறேன். உள்ள வரமாட்டேன்."

"ஏன்?"

"ஆணியப் புடுங்கயில சொவரு சூடா இருந்துச்சு. வெயிலே படாத சொவரு."

மத்தியானம் மூன்று மணிக்கு வேன் தார்ச்சாலையை விட்டு இறங்கியது. அறுத்துப் போட்ட வயல்களில் வெக்கை நெளிந்தது. தென்னந்தோப்புக்குள் எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மடியில் இருந்த பை ஒவ்வொரு குழியிலும் அவள் வயிற்றில் இடித்தது. நகர்த்தி வைத்தாள். திரும்பவும் மடிக்கே வந்தது. தோப்பு முடிகிற இடத்தில் தனியாக ஒரு ஓட்டு வீடு.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் செல்லக்கிளி என்றாள். நைட்டிக்கு மேல் துண்டு. கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. சாயிராவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பையைத்தான் பார்த்தாள்.

"கொண்டாந்துட்டியா தாயி?"

"ஒண்ணுதான் இருக்குக்கா. இந்த முகமூடி யாரு செஞ்சதுன்னு கேக்க வந்தேன்."

"முகமூடி இல்ல. மூடி. எங்க வீட்டுக்காரரு செஞ்சாரு. ஒவ்வொண்ணுக்கும் அளவெடுத்துச் செஞ்சாரு. நான் ஆஸ்பத்திரில கெடக்கயில எங்கண்ணன் வித்துப்புட்டான்." பையை வாங்கிக்கொண்டாள். "மத்தது?"

"கப்பல்ல போயிருச்சுக்கா."

"அம்புட்டுமா?" என்றாள் செல்லக்கிளி. பதிலுக்கு நிற்காமல் பின்கட்டுக்கு நடந்தாள். வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டால் போதும், பேப்பரில் எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு சாயிராவும் பின்னால் போனாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஈரமண் வாசனை. அதற்கும் அடியில் அந்தத் தலையணை வாடை. ஓட்டு இடுக்கில் விழுந்த வெளிச்சத்துக்குக் கண் பழகியபோது எதிரே மண்சுவர் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில், ஆள் உயரத்தில், வரிசையாகப் பதினோரு வெற்றிடங்கள்.

வெற்றிடங்கள் இல்லை.

புடைத்திருந்தன. நெற்றி. மூக்குத்தண்டு. கன்ன எலும்பு. எல்லாம் மண்தான். மண்ணின் மேல் வியர்வை பூத்திருந்தது.

செல்லக்கிளி மூடியை எடுத்து முதல் முகத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அடுத்ததில் வைத்தாள். அதற்கடுத்ததில். ஜாடிக்கு மூடி தேடுகிற நிதானம். கடைசி வரை போய்விட்டு, மூடியைத் தரையில் போட்டாள்.

"வளந்துருச்சுக," என்றாள்.

சாயிரா கதவு நிலை முதுகில் இடிக்கும் வரை பின்னால் நகர்ந்தாள். வெளியே வேனில் இருந்த மருதுவைக் கூப்பிட வாய் திறந்தாள்.

"மூடி இருந்தா தூங்கும். இப்ப ராவும் பகலும் முழிச்சுக் கெடக்குதுக. வெக்க தாங்கல பாவம்."

வாளியில் துண்டை முக்கிப் பிழிந்து, காய்ச்சல் பிள்ளைகளுக்குத் துடைப்பது போல நெற்றி நெற்றியாகத் துடைத்துக்கொண்டே போனாள். ஈரம் பட்ட இடம் கறுத்தது. உடனே வெளுத்தது. மீண்டும் கறுத்தது. மூச்சு விடுவது போல, வரிசை முழுக்க ஒரே சீராக.

கடைசி முகம். துண்டு மூக்கைத் தாண்டியது. கீழே இறங்கியது.

நின்றது.

செல்லக்கிளி மெல்ல இழுத்தாள். வரவில்லை. "விடு. விடுய்யா," என்று தணிந்த குரலில் சொன்னாள்.

மண் உதடுகள் துண்டின் நுனியைக் கவ்வியிருந்தன. விடவில்லை. சப்பின. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. மற்ற பத்து வாய்களும், ஒன்றன்பின் ஒன்றாக, திறந்தன.