ஒன்பதடி நெடுமாலுக்கு ஓர் இடம்

நிலாவில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு அவசரமே கிடையாது. கூடை இருபத்திரண்டு அடி உயரத்தில் இருக்கும். பந்தோடு எம்பியவர் தரைக்கு வருவதற்குள் எதிரணிக்காரர் அவிழ்ந்த ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். "மேலே இருக்கும்போது வாயைத் திறக்காதே" என்பதுதான் பயிற்சியாளர் தேவசகாயம் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

அந்த வாரம் கீழே நின்றபோதே அவருக்குப் பேச்சு குழறியது. வெண்பள்ளம் பொறியியல் கல்லூரியில் ஆடத் தெரிந்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். ஆட்டத்துக்கும் ஐந்து பேர்தான் வேண்டும். தலைவலி இல்லாத ஏற்பாடு. ஆனால் வாரக் கடைசியில் காலனிக் கோப்பைக்கான இறுதி ஆட்டம். இந்த முறை கோப்பை வராவிட்டால் மைதானத்தைத் தேர்வுப் பயிற்சிக் கூடமாக்கிவிடுவேன் என்று முதல்வர் கனகசபாபதி சொல்லியிருந்தார். சொன்னவரே செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஆறாவது ஆளை மாற்றலில் வரவழைத்தும்விட்டார்.

ஆள் என்றால் பொறியர். மனிதரைப் போல் படித்து, வாக்களிக்கும் உரிமையும் பெற்ற இயந்திரங்களை இப்போது ரோபோ என்று சொன்னால் வழக்குப் போட்டுவிடுவார்கள். பெயர் நெடுமால். உயரம் ஒன்பதடி. செவ்வாய்ப் பள்ளி ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் எழுபது புள்ளிக்குக் குறைந்ததில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்குச் சுரங்கப் பொறியியலில் ஸீட் கொடுத்திருந்தார்கள்.

ஆறு பேரில் ஐவர் யார்? தேவசகாயம் திரையில் பெயர்களை இழுத்து இழுத்து வைத்துப் பார்த்தார். நடுவில் நெடுமால் என்றால், நான்கு வருடமாக அங்கே ஆடும் மாதங்கி எங்கே போவாள்? அவளை ஓரத்துக்குத் தள்ளினால் ஓரத்தில் இருக்கும் ஜாபர் பின்னால் வரவேண்டும். ஜாபருக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு நாலு அடி போக வராது. எப்படிப் புரட்டினாலும் ஒரு பெயர் வெளியே விழுந்தது. கடைசியில் விழுந்தது மாதங்கி.

"நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?" என்றாள் அவள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீ ஆறரை அடி, அவன் ஒன்பது."

"எனக்கு இது கடைசி வருஷம் சார்."

"தெரியும்மா. அடுத்த ஆட்டத்துல பார்க்கலாம்."

இறுதி ஆட்டத்துக்கு அப்புறம் அடுத்த ஆட்டம் ஏது? அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தேவசகாயத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நெடுமால் வந்து இறங்கிவிட்டதாக விடுதியில் சொன்னார்கள். மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. மாற்றுச் சான்றிதழுக்கு அலைகிறான் போலிருக்கிறது என்று, அவன் நிற்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டே பயிற்சி நடந்தது. மற்ற நால்வரும் அங்கே இல்லாத கைக்குப் பந்தை எறிந்தார்கள். பந்து சுவரில் பட்டு நிதானமாகத் திரும்பி வந்தது.

"சார், இந்த பாஸ் சரியா, தப்பா?" என்று ஜாபர் கேட்டான்.

"எனக்கு மட்டும் என்னடா தெரியும்?" என்றார் தேவசகாயம். மூன்று நாளும் இதே கூத்துதான்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவரே தேடிப் போனார். நெடுமால் நூலகத்தில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, அரசுப் பணித் தேர்வின் பழைய வினாத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதை தெரிந்த பிள்ளை.

"ஏம்ப்பா, பயிற்சிக்கு வரல?"

"எதுக்கு சார்?"

"எதுக்கா? ஆடத்தானே உன்னை எடுத்தோம்?"

"அதான் ஸீட் கிடைச்சாச்சே சார்."

தேவசகாயம் விழித்தார். நெடுமாலும் விழித்தான், தான் எங்கோ பிசகிவிட்டோமோ என்று அவனுக்கும் குழப்பம்.

"மனுஷங்க மாதிரி நடந்துக்கறோம்னு கையெழுத்துப் போட்டுத்தான் சார் எங்களுக்கு உரிமை கொடுத்தாங்க. அதனால நம்ம கல்லூரியோட நூறு வருஷப் பதிவேட்டைப் படிச்சுட்டு வந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டுல சேர்ந்தவங்க பெரும்பாலும் சேர்ந்த கையோட மைதானத்தை விட்டுட்டாங்க. நம்ம முதல்வர்கூட பளுதூக்கித்தான் சேர்ந்திருக்கார். அப்புறம் எதையும் தூக்கினதா பதிவே இல்லை. தொடர்ந்து ஆடினவங்க வீட்டுலேருந்து மட்டும் கவலைப்பட்டுக் கடிதம் வந்திருக்கு."

"உனக்கு ஆட ஆசையே இல்லையா?"

"ரொம்ப ஆசை சார்," என்றான் நெடுமால் மெதுவாக. "அதனாலதான் பயமா இருக்கு."

அவருக்கு மனசு இளகிவிட்டது. "ஆடிக்கிட்டே படிக்கிற மனுஷங்களும் உண்டுடா!"

"ஒருத்தரைக் காட்டுங்க சார். இப்பவே வந்துடறேன்."

மாதங்கி இருக்கிறாளே! நான்கு வருடம், ஒரு நாள் தவறாமல் வந்தவள். படிப்பிலும் சோடை இல்லை. தேவசகாயம் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அவளும் ஆடட்டும், இவனும் ஆடட்டும், ஜாபர் உட்காரட்டும். இது ஏன் மூன்று நாளாகப் புத்தியில் உறைக்கவில்லை என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

மைதானத்தில் நால்வர் நின்றார்கள். பெஞ்ச் காலியாக இருந்தது.

"மாதங்கி எங்கடா?"

"அவங்கப்பா பூமியிலேருந்து பேசினாராம் சார்," என்றான் ஜாபர். "பெஞ்சுல உக்கார்றதுக்கு எதுக்கு விளையாட்டு, ஒழுங்காப் பரீட்சைக்குப் படின்னுட்டாராம். பேரை எடுத்துடச் சொல்லிக் காலையிலயே எழுதிக் கொடுத்துட்டா. முதல்வர் உடனே கையெழுத்துப் போட்டு வாழ்த்தி அனுப்பினாராம். அழுதுகிட்டேதான் சார் போனா."

தேவசகாயம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நெடுமால் அவர் உயரத்துக்கு முழங்காலிட்டு, தோளில் பதமாகக் கை வைத்தான்.

"வருத்தப்படாதீங்க சார். இனிமே அவங்க உருப்பட்டுடுவாங்க."