ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்

கூலியாள் நெட்டையனின் பெயரை அழித்த பிறகும், கோப்புக்கு எத்தனை பெயர் என்று காட்டும் எண் இரண்டிலேயே நின்றது. ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

குளிர்பதனக் கிடங்கை ஒட்டிய, ஜன்னல் இல்லாத அறையில் ஆபரேட்டர் திரையையே வெறித்தான். சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அழிச்சாச்சாய்யா?"

"பேரு போயிடுச்சு சார். கோப்பு போகல."

"நேத்து உள்ள மாட்டி விறைச்சவன் இங்க வேலைக்கே வரல, புரியுதா? சாயங்காலம் விசாரணைக்கு வர்றாங்க. கோப்பு இருந்தா உன் வேலை இருக்காது."

"அவன் பொண்டாட்டி வாசல் கேட்டுலயே உட்கார்ந்திருக்கு சார்."

"கால் மரத்துப்போனா எந்திரிச்சுப் போகும்." போய்விட்டார்.

தப்பு ஆபரேட்டருடையது. கிடங்குக் கதவு திறக்க ஆளுக்கொரு கோப்பு வேண்டும். அட்டை இல்லாத கூலியாளுக்கு அவன் எழுதிய புரோகிராம், வேறொரு கோப்பைக் காட்டும் சிம்பாலிக் லிங்க் போட வேண்டும். அது வெறும் கைகாட்டிப் பலகை, பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது. நேற்று லாரி காத்திருந்த அவசரத்தில் தன்னுடைய கோப்புக்கே ஹார்டு லிங்க் போட்டு நெட்டையனுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அது பலகை இல்லை, ஒரே உடம்புக்கு இன்னொரு பெயர். கடைசிப் பெயர் போகிறவரை உடம்பு போகாது.

மிச்சமிருக்கும் பெயர்களைத் தேடினான். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று, தன் பெயர். மற்றது 'இப்போது உள்ளே' பட்டியலில், நெட்டையன். உடலைத் தூக்கிப்போனதும் நேற்றே தன் கையால் அழித்த வரி அது. பதிவான நேரத்தைப் பார்த்தான். இன்று. இரண்டு நிமிடத்துக்கு முன்.

அழித்தான். வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைந்துகொண்டே இருக்க, நனைந்த சாக்கின் வாடை கதவிடுக்கு வழியாகத் தரையோடு ஊர்ந்து வந்து அவன் கணுக்காலைச் சுற்றிக்கொள்ள, விசைகளின் மேல் விரல் நுனிகள் ஒவ்வொன்றாக உணர்வு இழந்தன. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

தன் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் அது திரும்பி வருகிறது, தன் பெயரை முதலில் எடுத்துவிடலாம் என்று பட்டது. நாளைக்குப் புதிதாக எழுதிக்கொண்டால் போயிற்று.

எடுத்தான்.

எண்: ஒன்று.

விளக்கு அணைந்தது. குளிர். காலடியில் பனிக்கட்டி. கையை நீட்டினான். இரும்புக் கதவு. உள்பக்கம் பிடி இல்லை. கத்தினான். மூச்சுப் புகைதான் வந்தது.

கதவில் கையகலக் கண்ணாடி. அதற்கு அப்பால் அவனுடைய அறை, அவனுடைய நாற்காலி. அதில் ஒரு நெடிய முதுகு, அவன் சட்டையில். சூப்பர்வைசர் குனிந்து கேட்டார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

அந்தக் கழுத்து மெல்லத் திரும்பி, இமையெல்லாம் பனி பூத்த கண்களால் கண்ணாடியை நேராகப் பார்த்தது.

"யாரும் இல்ல சார்."